எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

அந்த யூனிட்டில் யார் யாரோடு சண்டை போட்டாலும் ஓனரம்மா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். யார் ஆரம்பித்தது என்று கேட்க மாட்டார். யார் மேல் தப்பு என்றும் கேட்க மாட்டார்.

"எங்க நடந்துச்சு?" என்பார்.

"கேட்டுக்கு வெளியதாங்க்கா. பஸ் ஸ்டாப்புல இவ என்னைப் பார்த்து..."

"வெளியவா? அப்ப அது என்ற எல்லை இல்ல சாமி. பஸ் ஸ்டாப்புலயே போய்ப் பேசிக்குங்க. இப்ப மெஷின்ல உக்காருங்க."

கேட்டுக்கு உள்ளே நடந்திருந்தால் கதையே வேறு. கையிலிருக்கிற பனியன் பீஸைக் கீழே வைக்காமல், நூல் வெட்டுகிற ட்ரிம்மரை நிறுத்தாமல், இரண்டு பேர் சொல்வதையும் கடைசி வரைக்கும் கேட்பார். ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி குறுக்கே வந்தால் ட்ரிம்மரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான், வாய் மூடிக்கொள்ளும். கேட்டு முடித்ததும் அந்தப் பீஸின் கடைசி நூலை வெட்டிவிட்டு ஒரே வரியில் முடிவைச் சொல்வார். அதற்கப்புறம் மறுநாள் அழுதுகொண்டு வந்தாலும் சரி, சாட்சியோடு வந்தாலும் சரி, பதில் ஒன்றுதான்: "அதான் சொல்லியாச்சே."

பீகாரிலிருந்து அயர்ன் பண்ண வந்த பப்லுவுக்கு 'தண்ணி' தெரிவதற்கு முன்னாலேயே 'சொல்லியாச்சே' தெரிந்திருந்தது. டீக்கடையில் இன்னொரு வடை வேண்டுமா என்று கேட்டாலும் கையை விரித்து "சொல்லியாச்சே" என்பான்.

சேவூருக்கும் அவிநாசிக்கும் நடுவில், தோட்டத்துக்குள் இருந்தது அந்த யூனிட். எங்கள் பக்கம் பவர் டேபிள் என்று சொல்லுகிற சின்னத் தையல் கூடம். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வெட்டின துணி வேனில் வரும். இங்கே தைத்து, நூல் வெட்டி, மடித்துக் கட்டினால் அதே வேனில் திரும்பிப் போகும். எல்லாம் எந்த நாட்டுக் குழந்தைகளோ போடுகிற பனியன்கள். தைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் காலனிப் பெண்கள். என் அம்மா செக்கிங். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கோவையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜில் சேர்ந்த வாரத்திலிருந்தே ஓனரம்மா என்னை 'வக்கீல் தம்பி' என்றுதான் கூப்பிட்டார். இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்று சொன்னால், "எழுதுனா ஆயிருவீல்ல? ஆனப்புறம் ஒரு பேரு, இப்ப ஒரு பேரா?" என்பார்.

பார்க்க அப்படியொன்றும் அதிகாரமாக இருக்க மாட்டார். குட்டையான உருவம். கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி, தோளில் துண்டு மாதிரி எப்போதும் ஒரு பீஸ், புடவை மேலெல்லாம் வெட்டின நூல் துணுக்கு. புடவை எடுக்க அவிநாசிக்கு என் அம்மாவையும் கூட்டிப் போவார். முதலில் விரித்த நாலைந்தை நிதானமாகப் பார்த்து ஒன்றைத் தொடுவார். கடைக்காரர் ஆசையாக, "இன்னும் புதுசு வந்துருக்குதுங்க, காட்டட்டுங்களா?" என்றால், "எடுத்தாச்சே" என்று எழுந்துவிடுவார். அம்மாவுக்கு அதில் ரொம்ப வருத்தம். கடைக்குப் போவதே பார்க்கத்தானே.

ஃபேன் விவகாரத்தைச் சொன்னால் உங்களுக்கு அவரைப் புரியும். யூனிட்டுக்கு மேலே தகர ஷீட். சித்திரை மாதத்தில் கிழக்கு ஓரம் இட்லிச் சட்டி மாதிரி ஆகிவிடும். அங்கே ஒரே ஒரு ஃபேன். அதன் கீழே யார் உட்காருவது என்று எங்கள் தெரு செல்விக்கும், தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டைலர் அக்காவுக்கும் சண்டை. ஓனரம்மா கேட்டார். தேனிக்காரக்கா, தனக்கு உடம்பில் சூடு ஆகாது, டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றார். செல்விக்குச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. ஃபேன் தேனிக்காரக்காவுக்கு என்று முடிவானது.

மறுநாள் பஸ்ஸிலேயே விஷயம் உடைந்துவிட்டது. டாக்டரும் இல்லை, சூடும் இல்லை. "சும்மா அடிச்சுவிட்டேன்டி" என்று அந்த அக்காவே சிரித்துச் சொல்லியிருக்கிறார். செல்வி நேராக ஓனரம்மாவிடம் போனாள்.

"பொய்யி சொல்லித்தான் வாங்கியிருக்குதுங்க்கா!"

"அப்படியா? இருக்கும்."

"அப்ப மாத்துங்க."

"மாத்த முடியாது கண்ணு. கேட்டேன், சொன்னேன். நாளைக்கு அவ ஒரு நாயத்தைக் கொண்டுட்டு வருவா, அடுத்த நாள் நீ ஒண்ணு கொண்டுட்டு வருவ. அப்புறம் தைக்கறது எப்ப?"

செல்வி ரெண்டு நாள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கும் கேட்கும்போது சுருக்கென்றுதான் இருந்தது. தப்பென்று தெரிந்தும் மாற்றாதது என்ன நியாயம்? அந்த வாரம் முடிவதற்குள் செல்வியின் மெஷினுக்கு நேர்மேலே ஒரு புது ஃபேன் தொங்கியது. பழையதைவிட இறக்கை பெரிசு, காற்று பிய்த்துக்கொண்டு போனது. தேனிக்காரக்கா பாத்ரூம் போகிற சாக்கில் ரெண்டு தடவை அதன் கீழே நின்று பார்த்துவிட்டு, "யக்கா, நான் இங்கிட்டு மாறிக்கிறட்டா?" என்று இழுத்தார்.

"உனக்குத்தான் அந்த ஃபேனுன்னு சொல்லியாச்சே" என்றார் ஓனரம்மா. யூனிட்டே மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. அதிகம் சிரித்தது தேனிக்காரக்காதான் என்று அம்மா சொல்லுவார்.

இந்த எல்லைப் பேச்சு அவருக்குக் கோர்ட்டில் ஒட்டிக்கொண்டது. அவர் வீடும் யூனிட்டும் உள்ளே. தார் ரோட்டுக்கு வர ஒரு வண்டித்தடம், அது கொழுந்தனாரின் பூமியில் ஓடியது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது தடத்தைப் பற்றி யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அண்ணன், அதாவது ஓனரம்மாவின் வீட்டுக்காரர், இருந்தவரை பேச்சும் வரவில்லை. அவர் காலமாகி, யூனிட் பெரிசாகி, வேன் தினமும் வரப் போக இருந்தபோது கொழுந்தனார் வந்து சொன்னார்: "நங்கை, வேனு போற அதிர்ச்சியில என்ற கெணத்துச் செவுரு இளகுதுங்க." எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்பார்கள். இவரும் ஆளை அனுப்பிச் செவுரைப் பூசிக் கொடுத்தார். மறுபடி இளகியது. ஒரு நாள் காலையில் யூனிட் பக்கம் தடம் தொடங்கும் இடத்தில், ஓரமாக, வெள்ளையடித்த எல்லைக்கல் நின்றது.

"அப்ப நான் கேஸு போடறேனுங்க" என்றார் ஓனரம்மா.

"போடுங்க நங்கை. நானும் ஒரு வக்கீலப் பார்த்துக்கறேன்" என்றார் அவர்.

இவ்வளவுதான் சண்டை. வாய்தா அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். வேறு பஸ் இல்லை. கொழுந்தனார் முந்தி ஏறித் துண்டு போட்டு இடம் பிடித்துவைத்து, "நங்கை, இங்க உக்காருங்க" என்பார். இவர் உட்கார்ந்து, "உங்க சாட்சி இன்னைக்கு வராருங்களா?" என்று விசாரிப்பார். கண்டக்டருக்கு இவர்கள் வாதி பிரதிவாதி என்று தெரிந்தபோது நம்பவே இல்லை.

முதலில் வைத்த வக்கீலின் ஆபீஸ் திருப்பூரில் இருந்தது. அவர் கைக்கு வசதியாக அங்கேயே வழக்கைப் போட்டுவிட்டார். சில வாய்தா நடந்த பிறகு நீதிபதி, இந்த பூமி எங்கள் கோர்ட்டின் எல்லைக்குள் வரவில்லை, உங்கள் தாலுகாவுக்கான முன்சீப் கோர்ட்டில் போய்ப் போடுங்கள் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வக்கீலை வைதுகொண்டே வந்திருப்பார்கள். ஓனரம்மா சந்தோஷமாக வந்தார். யூனிட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"அவ்வளவு பெரிய நாற்காலிங்க. சுத்தி போலீசு. அதுல உக்காந்துக்கிட்டு, 'இது என்னோடது இல்லீங்கம்மா, நான் சொல்லக்கூடாது, அங்க போங்க'ன்னாரு. எனக்குக் கையெடுத்துக் கும்புடணும்போல ஆயிருச்சு. நம்மூர்ல ஒருத்தராச்சும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. யார் ஊட்டுப் பிரச்சினையானாலும் எல்லாரும் தீர்ப்பு வெச்சிருப்பாங்க."

மறுநாளிலிருந்துதான் "எங்க நடந்துச்சு?" தொடங்கியது.

சரியான கோர்ட்டில் வழக்கு நடந்தது. அது முடியும்வரை வேன் தடத்திலேயே ஓடியது. மனுவில் முக்கியமான வரி இதுதான்: வாதியின் இடத்துக்குப் போய்வர மேற்படி தடத்தைத் தவிர வேறு வழி ஏதும் இல்லை. வக்கீல் அப்படி எழுதினார், ஓனரம்மா அப்படித்தான் நம்பினார். கொழுந்தனார் தன் பதில் மனுவில் தடம் தன்னுடையது என்று சொன்னாரே ஒழிய, வேறு வழி இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை. அவருக்கும் அது வழியாகத் தெரியவில்லை.

அந்த வழி எங்கள் தெரு. ஓனரம்மாவின் யூனிட்டுக்குப் பின்சுவர், அதற்கு அந்தப் பக்கம் காலனி. பஞ்சாயத்துப் போட்ட சிமெண்ட் ரோடு, லாரியே வரும். முனையில் பஸ் நிற்கும். சுவர் மேல் நெடுகக் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. நாங்கள் எல்லோரும் தெருவைச் சுற்றி, தார் ரோட்டுக்குப் போய், தடத்தில் திரும்பித்தான் சுவருக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போவோம். எங்களுக்கும் அது வினோதமாகப் பட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடத்தைப் பார்த்து வரைபடம் போடக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. வெளியூரிலிருந்து வந்த சின்ன வயசு வக்கீல் அம்மா. அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. பஸ்ஸை விட்டு எங்கள் தெருவில் இறங்கி, சுவர் வரைக்கும் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கே நின்றிருந்த என்னைக் கேட்டார்.

"இதுதானே அவங்க இடம்?"

"ஆமாங்க."

"இது என்ன ரோடு?"

"பஞ்சாயத்து ரோடுங்க. எங்க தெரு."

அவர் அதையும் வரைந்துகொண்டு போய்விட்டார்.

விவாதத்தன்று லீவில் இருந்த நான் துணைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாதி இடத்துக்குப் பின்னால இது என்ன?" என்று கேட்டார். ஓனரம்மாவின் வக்கீல் லேசாக இருமினார்.

"அது... காலனித் தெருங்க ஐயா."

"தெருதானே?"

வக்கீல் எதையோ தேடுகிறவர் போலக் காகிதத்தைப் புரட்டினார். ஓனரம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அங்கே படிக்க ஒன்றும் இல்லை. எனக்கு முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் தெருவைத் 'தெரு' என்று ஒரு பெரிய மனிதர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

தீர்ப்பு வந்தது. தடம் கொழுந்தனாருடையது, பொது ரோடு பின்னாலேயே இருப்பதால் வாதிக்குத் தடத்தில் போக உரிமை இல்லை, வழக்குத் தள்ளுபடி. வராந்தாவிலேயே வக்கீல் பிடித்துக்கொண்டார்.

"சப் கோர்ட்டுல அப்பீல் போட்டா ஸ்டே வாங்கிரலாங்கம்மா. அதுபாட்டுக்கு ஓடும்."

"என்னன்னு சொல்லிப் போடறது? ரோடு இல்லீன்னா? இருக்குதுங்களே."

பொங்கலூரிலிருந்து ஓனரம்மாவின் அண்ணன் வந்து குதித்தார். "சப் கோர்ட்டு இருக்குது, ஹைகோர்ட்டு இருக்குது. எல்லாத்தையும் உட்டுப்போட்டு காலனிப் பக்கம் வாசல் வெக்கறேங்கற. நாளைக்கு நாங்க உன்ற ஊட்டுக்கு எந்தத் தெருவுல வரது?"

"பஸ்ஸு அந்தத் தெரு முனையிலதானுங்ண்ணா நிக்குது. உங்களுக்கு நடை மிச்சம்."

நானும் விடவில்லை. படிக்கிற ஜோரில், அப்பீல் என்பதும் சட்டம் கொடுத்த உரிமைதான், தப்பான தீர்ப்பைச் சரிசெய்யத்தான் மேல்கோர்ட்டே இருக்கிறது என்று நீளமாகப் பேசினேன். முழுக்கக் கேட்டார்.

"இருக்குது தம்பி, யாரு இல்லீன்னா? தீர்ப்பு புடிக்காதவங்க போகட்டும். எனக்கு இது புடிச்சிருக்குது" என்று நூலை வெட்டினார்.

பிடித்ததெல்லாம் சரி, வேன் எங்கே நிற்பது? வேன் வாசலுக்கு வராவிட்டால் வேலையை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். யூனிட் மூடினால் எங்கள் தெருவில் பாதி அடுப்பு தடுமாறும். அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதில் ஓனரம்மா தீர்ப்பு வந்த சாயங்காலமே தடத்தில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். யூனிட் ஆட்களையும் வைக்க விடவில்லை. வாசலுக்குச் சுவரை இடிக்கவும் இல்லை, தடமும் இல்லை. அப்புறம் எப்படி வெளியே வருவது?

ஏணி வைத்து வந்தார்.

சுவர் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு ஏணி. பப்லு மேலே உட்கார்ந்து கை கொடுக்க, ஓனரம்மா எங்கள் தெருவுக்கு முதல் தடவையாகச் சுவர் ஏறி இறங்கி வந்தார். கீழே ஏணியைப் பிடித்தது என் அம்மா. "பார்த்துங்க, பார்த்துங்க" என்று தெருவே கீழே நின்றது. கடைசிப் படியில் நின்றுகொண்டே அவர் பேசினார்.

"கோர்ட்டுல இதுதான் எனக்கு வழின்னு சொல்லிட்டாங்க. ஆனா இங்க குடியிருக்கறது நீங்க. வாசல் வெச்சா வேனு வரும், பொகை வரும், சத்தம் வரும். நீங்க வேண்டாம்னா நான் யூனிட்டை மூடிக்கறேன், மேல பேச மாட்டேன். இது உங்க எல்லை. பேசி முடிச்சுச் சொல்லுங்க. நான் இங்கியே உக்காந்திருக்கறேன்."

சொல்லிவிட்டு ஏணிப் படியிலேயே உட்கார்ந்து, தோளில் கிடந்த பீஸை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்தார்.

தண்ணித் தொட்டியடியில் நாங்கள் கூடினோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. அந்தச் சுவரின் அந்தப் பக்கத்து ஆட்கள் எங்களிடம் ஒன்றை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, பழசெல்லாம் கிளறியும் விட்டது.

"இத்தனை வருசம் முதுகக் காட்டுனாங்க. இப்ப கோர்ட்டு சொன்னதும் மொகத்தைக் காட்டறாங்களாக்கும்" என்றார் என் சித்தப்பா.

"மூடிட்டா நாளைக்கு நீ சோறு போடுவியா?" என்றாள் செல்வி.

"சோத்துக்குத்தான் சரிங்கறதுன்னா கேக்கவே வேண்டியதில்லையே. சோத்தைத் தள்ளி வெச்சுட்டுப் பேசுங்க" என்றார் அம்மா. செக்கிங்கில் ஓட்டை பீஸைத் தூக்கிப் போடுகிற குரல் அது. எல்லோரும் அடங்கினார்கள். சத்தம் கூடிக் குறைந்து கூடிக் கடைசியில் அம்மாவையே பேசச் சொன்னார்கள்.

அம்மா ஏணிக்கு முன்னால் போய் நின்றார்.

"கண்ணாடிச் சில்லை எடுத்துருங்க. செவுரு முழுக்க."

"சரிங்க."

"சாயங்காலம் புள்ளைக வெளையாடற நேரத்துல எந்த வண்டியும் உள்ள வரக்கூடாது."

"சரிங்க."

"வாசல்னா வாசல். நாங்க வேலைக்கு வாரோம். எங்கூட்டு நல்லது கெட்டதுக்கு நீங்களும் அந்த வாசல்ல எறங்கி வரணும்."

இதற்கு மட்டும் ஓனரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. நூலை வெட்டினார். எழுந்து நின்றார். "கூப்புடுங்க. வரேன்" என்றார். பிறகு, "சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு" என்றார் அம்மா. பப்லு சுவர் மேலிருந்து கை தட்டினான்.

கண்ணாடிச் சில்லை உடைத்தெடுத்ததில் எங்கள் சித்தப்பாவும் ஒரு ஆள். கூலிக்கு வந்தவர், கூலிக்கு இல்லாத வேகத்தில் அடித்தார். வாசல் வந்தது. எங்கள் சித்தி மகள் வயசுக்கு வந்த சீருக்கு ஓனரம்மா தட்டத்தோடு முதலில் இறங்கி வந்ததும் அந்த வாசலில் இருந்துதான். வந்தவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டும் போனார்.

ஷிப்மெண்ட் அவசரத்தில் ஒரு நாள் கம்பெனி லாரி சாயங்காலம் வந்து தெரு முனையில் நின்றது. நடுத்தெருவில் பையன்கள் கிரிக்கெட். ஓனரம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஃபோனில் கம்பெனி மேனேஜர் கத்தியது பக்கத்திலிருந்த எங்களுக்கே கேட்டது.

"கப்பல் போயிரும் மேடம்!"

"இன்னும் ரெண்டு விக்கெட்டு இருக்குதுங்க சார்."

கப்பல் போகவில்லை. ஆனால் ஒரு பையனை ரன் அவுட் கொடுத்ததில் தகராறு வந்து ஆட்டம் இழுத்தது. பையன்கள் அவரைத் தீர்ப்புக் கேட்டார்கள். லாரியை உள்ளே விட வேண்டுமே என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார் என்றுதான் டிரைவர் நினைத்தார். "இது உங்க தெரு. உங்க அம்பயரு யாரோ அவன்தான் சொல்லோணும்" என்று கையைக் கட்டிக்கொண்டார் ஓனரம்மா.

எல்லோரையும்விடத் தவித்தது ஜெயித்தவர்தான். கொழுந்தனார் தபால்காரரைப் பார்த்தால் ரோட்டுக்கே வந்து, "அப்பீல் நோட்டீஸ் ஏதாச்சுங்களா?" என்பார். என்னைப் பிடித்து, "நெசமாவே போகலயா?" என்று கேட்டார்.

"போகலீங்க. கெடுவும் முடிஞ்சுதுங்க. இனி அதுதான் முடிவு."

"அப்ப இந்தத் தடத்தை வெச்சு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். கிணற்றுச் சுவர் நன்றாக இருந்தது. தடத்தில் முழங்கால் உயரம் புல்.

அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. குடும்பத்துக்கு மூத்தவர் ஓனரம்மா. அவர் இல்லாமல் ஒரு சீரும் நடக்காது. தடம் வழியாக இரண்டு வீட்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் பின்வாசலில் இறங்கி, எங்கள் தெருவைக் கடந்து, தார் ரோட்டைச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்துக் கொழுந்தனார் வாசலுக்கு வந்தார்.

"தடத்துல வாங்க நங்கை, ஆருங்க கேக்கப் போறாங்க?"

"எனக்கு உரிமை இல்லீன்னு சொல்லியாச்சுங்களே."

"தடத்தையே உங்க பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்!"

"அப்ப அந்த நீதிபதி சொன்னதுக்கு என்னங்க மரியாதை?"

கொழுந்தனார் என்னை இழுத்துக்கொண்டு யூனிட்டுக்கே வந்தார். நியாயம் கேட்கிற டைலர் மாதிரி அவர் முன்னால் நின்று, "இவன் படிச்ச பையன், இவன் சொல்லட்டும்" என்றார். தீர்ப்பை ஓனரம்மாவுக்காகப் படித்துக் காட்டியவன் நான்தான். அதன் வரிகள் மனசில் இருந்தன.

"உரிமை இல்லைன்னுதாங்க அதுல இருக்குது. அவங்க கூப்புட்டா நீங்க போகக்கூடாதுன்னு இல்லீங்க" என்றேன்.

ட்ரிம்மர் நின்றது. வேலை நேரத்தில் அது நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு நூலை வெட்டினார்.

"சரி. ஆனா ஒவ்வொரு தடவையும் கூப்புடோணும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"உங்க எல்லைங்க. நானா எப்படி வரது?"

அந்தக் கல்யாண வீட்டை மறக்கவே முடியாது. ஓனரம்மா இடுப்பில் தட்டத்தோடு எல்லைக்கல் வரைக்கும் வந்து, இந்தப் பக்கமே நிற்பார். எங்கிருந்தாவது சத்தம் வரும்: "நங்கை, வாங்க!" கொழுந்தனார் சமையல் கொட்டகையில் இருந்து கூப்பிடுவார். பந்தக்கால் உச்சியில் இருந்து கூப்பிடுவார். பல் விளக்குகிற நுரையோடு கூப்பிடுவார். ஐயரோடு பேசிக்கொண்டே பாதி மந்திரத்தில் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இது ஏதோ இந்தப் பக்கத்துச் சீர் போல என்று நினைத்துக்கொண்டு, அதில் ஒரு பெரியவர் தானும் எழுந்து, "வாங்க நங்கை!" என்றார். ஓனரம்மா அவருக்குக் கும்பிடு போட்டாரே தவிர, நகரவில்லை. கொழுந்தனார் ஓடிவந்து கூப்பிட்ட பிறகுதான் கல்லைத் தாண்டினார். வேன் மட்டும் கடைசி வரைக்கும் எங்கள் தெருவில்தான் வந்தது.

கல்யாணம் முடிந்தும் அது நிற்கவில்லை. மோர் கொண்டுபோக, கீரை கொண்டுவர, சும்மா பேச என்று இவர் கல்லடிக்கு வருவதும் அவர் கூப்பிடுவதும் தினமும் நடந்தது. கொழுந்தனாருக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்போதுதான் அவர் அந்த வேலையைச் செய்தார். கல்யாண மண்டபத்தில் வைத்திருந்த 'வருக வருக' போர்டைக் கேட்டு வாங்கிவந்து, எல்லைக்கல்லுக்கு மேலே கம்பு நட்டு, பார்க்கிறவர் கண்ணுக்கு எடுப்பாக ஆணியடித்து மாட்டினார். சரிகை ஜிகினா வெயிலில் மின்னியது. நான் யூனிட் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓனரம்மா மோர்ச் சொம்போடு வந்தார். கல்லடியில் நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டை நிதானமாகப் படித்தார். கொழுந்தனார் சுத்தியலோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

"அழகாத்தானுங்க இருக்குது. ஆனா இது ஊரையே கூப்புடுது. என்னை நீங்க கூப்புட்டீங்களா?"

கொழுந்தனார் சுத்தியலைக் கீழே போட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டின தொண்டையைச் செருமி, எங்கள் தெரு முனைவரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"நங்கை... வாங்க!"

எனக்குப் பின்னால் செக்கிங் டேபிளில் அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கூப்புட்டாச்சு" என்று சொல்லி, ஒரு நூலை வெட்டினார்.